டியூப்லைட் கோடு நெளிந்தால்: வண்டி பெயிண்டின் மேடுபள்ளங்களை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

வெயிலில் நிறுத்திப் பார்த்தால் எந்த வண்டியின் பெயிண்டும் பளபளவென்றுதான் இருக்கும். அதே வண்டியை ஷெட்டுக்குள் கொண்டுவந்து, கதவுக்கு நேராக ஒரு டியூப்லைட்டைப் பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல பெயிண்டில் டியூப்லைட்டின் ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் விழும். கோளாறான பெயிண்டில் அந்த ஓரம் நெளியும், சில இடத்தில் துண்டு துண்டாக அறுந்து நிற்கும்.

"பாலிஷ் போட்டா போயிடுமா அண்ணே?" என்பதுதான் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. சிலது போகும். சிலது போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மூன்று மாதத்தில் திரும்பி வரும். சிலதைத் தேய்த்தால் இருக்கிற பெயிண்டும் சேர்ந்து போய்விடும். எது எந்த ரகம் என்று பார்க்காமல் கம்பவுண்டை (தேய்த்து மெருகேற்றும் பசை) கையில் எடுக்காதீர்கள்.

காரணம் கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஸ்பிரே கன் சரியில்லை, கிளியர் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமில்லாப் பூச்சு) தரமில்லை, காற்றில் ஈரம் என்று. எல்லாமே நடப்பதுதான். ஆனால் முக்கால்வாசிக் கோளாறுகளை உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: பெயிண்டை இளக்கக் கலக்கும் தின்னர் எப்போது கிளம்பியது? பெயிண்ட் பரவி மட்டமாவதற்கு முன்பே கிளம்பிவிட்டால் ஆரஞ்சுத் தோல். கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்துகொண்டால் வடிசல். மேல்தோல் மூடிய பிறகு உள்ளே மாட்டிக்கொண்டதைச் சூடு துரத்தினால் ஊசி ஓட்டை. கீழே இருக்கிற பழைய பெயிண்டுக்குள் இறங்கிவிட்டால் சுருக்கு. சித்திரை வைகாசியில் முதல் ரகம்தான் அதிகம் வரும். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீரும் சேர்ந்துகொள்வதால் கொப்பளம், மங்கல் எல்லாம் வரிசை கட்டும்.

தேய்ப்பதற்கு முன் செய்யும் சோதனை

வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். டியூப்லைட் சோதனை முடிந்ததும் பழக்கடையில் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு, விரல் நுனியால் பெயிண்டின் மேல் லேசாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத மணல் கவர் வழியாக நறநறவென்று தெரியும். அப்படித் தெரிந்தால் கோளாறு பெயிண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கவருக்கு வழுவழுப்பாக இருந்து வெளிச்சக் கோடு மட்டும் நெளிந்தால் கோளாறு பெயிண்டுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்தது தின்னர் துணி. பெட்ரோல் மூடியின் உள்பக்கம், கதவு இடுக்கு மாதிரி கண்ணில் படாத இடமாகப் பார்த்து, தின்னரில் நனைத்த துணியை அரை நிமிடம் வைத்துத் தேயுங்கள். தொழிற்சாலைப் பெயிண்டும் நன்றாக இறுகிய 2கே பெயிண்டும் (ஹார்டனர் கலந்து இறுகவைக்கும் இரண்டு பாகப் பெயிண்ட்) அசையாது. என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயிண்ட் என்றால் நிறம் துணியோடு வந்துவிடும். சிந்தடிக் எனாமல் மெத்தென்று ஆகிச் சுருங்கும். மேலே எதை அடிக்கலாம், எதை அடிக்கவே கூடாது என்பதை இந்த அரை நிமிடம் சொல்லிவிடும்.

பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் கையில் இருந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலையிலிருந்து வந்த பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 100 மைக்ரான், அவ்வளவுதான். அதில் கிளியர் மட்டும் 35 முதல் 50. மீட்டர் 250, 300 காட்டினால் மறுபடி அடித்த பாகம். 1000 தாண்டினால் உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் மாவு) இருக்கிறது. இரும்புக்கு மட்டும் வேலை செய்யும் மீட்டர் அலுமினியத்தில் எதுவும் காட்டாது, பிளாஸ்டிக் பம்பரிலும் அப்படித்தான். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கோடு நெளிகிறது, தொட்டால் வழுவழுப்பு

இதுதான் ஆரஞ்சு பீல். ஆரஞ்சுப் பழத் தோல்போல் சின்னச் சின்னக் குழிகளாகத் தெரியும்.

முதலில் ஒரு சமாதானம். புது வண்டியிலும் இது உண்டு. ஷோரூமிலிருந்து நேராக வந்த வண்டியின் பானெட்டையும் கதவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், கதவில்தான் நெளிவு அதிகமாக இருக்கும். செங்குத்தாக நிற்கிற பாகத்தில் கிளியர் வடிந்துவிடக் கூடாது என்பதால் அங்கே பெயிண்டைத் தாராளமாக ஓடவிட முடியாது. தொழிற்சாலைகளில் இந்த நெளிவைக் கருவி வைத்தே அளக்கிறார்கள். 1.2 முதல் 12 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள அலைகள் நீள அலை, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே கண்ணில் படும். 0.3 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை உள்ளவை குறு அலை, கிட்டப் போனால்தான் தெரியும். அதனால் புது வண்டியை எடுத்துவந்து "கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொடுங்கள்" என்று கேட்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். 40 மைக்ரான் கிளியரில் அழகுக்காகக் கால்வாசியை எடுப்பது வம்பு. ஒரே ஒரு கதவை மட்டும் மறுபடி அடிக்கும்போதும் பக்கத்துக் கதவில் எவ்வளவு நெளிவு இருக்கிறதோ அதற்கு ஒத்துப்போக அடிப்பதுதான் கைப்பக்குவம். ஒரு கதவு மட்டும் கண்ணாடியாக நின்றால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, மறுபடி அடித்த வண்டியில் நெளிவு அளவுக்கு மீறி வந்திருக்கிறது. எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். இடத்தை வைத்துத்தான் காரணம் பிடிபடும்.

வண்டி முழுக்க ஒரே சீராக வந்திருந்தால் கலவையில் தப்பு. 36, 37 டிகிரி வெயிலில், தகரக் கூரை போட்ட ஷெட்டில், வேகமாகக் காயும் தின்னரையும் ஹார்டனரையும் போட்டிருப்பார்கள். கன்னிலிருந்து கிளம்பிய துளி பானெட்டில் போய் விழுவதற்குள் தின்னர் பாதி பறந்துவிடும். விழுந்த துளி பக்கத்துத் துளியோடு கலக்கத் தெம்பில்லாமல் அப்படியே நின்றுவிடும். இதற்கு மெதுவாகக் காயும் தின்னரும் மெதுவான ஹார்டனரும் மாற்ற வேண்டும். பலர் என்ன செய்கிறார்கள் என்றால், அதே வேகமான தின்னரையே இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். நெளிவு குறைந்ததுபோல் தெரியும். ஆனால் கிளியர் தண்ணீராகி நிற்கிற பாகத்தில் வடியும், தடிமனும் கிடைக்காது. கலவையை 4 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள கப்பில் ஊற்றி, ஒழுகி முடிய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். பெரும்பாலான 2கே கிளியருக்கு 15 முதல் 18 நொடி சரியாக வரும். டப்பாவோடு வரும் தாளில் வேறு எண் போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். குச்சியைத் தூக்கிப் பார்த்து "ஓடுது, ஓடுது" என்று சொல்வது கணக்கில் சேராது.

பாகத்தின் சூட்டையும் பாருங்கள். கறுப்பு பானெட் நேர் வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிவிடும். புறங்கையை வைத்துப் பார்க்கும்போது சுட்டால் அடிக்க வேண்டாம், நிழலில் விட்டு ஆறவிடுங்கள்.

நெளிவு பாதியிலிருந்து தொடங்குகிறதா? பானெட்டின் முதல் பாதி நன்றாக இருந்து, போகப்போகக் கரடுமுரடாகிறதா? அப்படியானால் கலவையைத் திட்டாதீர்கள், கம்ப்ரசரைப் பாருங்கள். ஹெச்.வி.எல்.பி. கன்னுக்கு (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றை வைத்து அடிப்பது) 10 சி.எஃப்.எம்.முக்கு மேல், அதாவது நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் காற்று வேண்டும். சாதாரண கம்ப்ரசர் ஒரு குதிரைத்திறனுக்கு 3, 4 சி.எஃப்.எம். கொடுத்தால் அதிகம். 2 ஹெச்.பி. மெஷினை வைத்துக்கொண்டு பானெட் அடித்தால், டேங்கில் சேர்த்துவைத்த காற்று இருக்கும்வரை நன்றாக அடிக்கும். அது தீர்ந்ததும் அழுத்தம் சரிந்து, துளிகள் பருத்துவிடும். சுவரில் உள்ள ரெகுலேட்டர் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். கன்னின் அடியிலேயே ஒரு மீட்டரை மாட்டி, டிரிகரை இழுத்துப் பிடித்தபடி பாருங்கள். நீளமான, உள்வட்டம் சிறிய ஹோஸ் போட்ட ஷெட்டில் சுவரில் ஒரு எண், கன்னில் வேறொரு எண் என்று ஆச்சரியப்படுவீர்கள்.

வரி வரியாக, ஒவ்வொரு கை வீச்சின் ஓரத்திலும் மட்டும் வந்தால் கன்னின் விசிறி (பெயிண்ட் விரிந்து விழும் வடிவம்) சரியில்லை, இல்லையென்றால் வீச்சின் மேல் வீச்சு போதவில்லை. பழைய செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, ஒரு நொடி அடித்துப் பாருங்கள். நீள்வட்டமாக, இரண்டு பக்கமும் ஒரே அளவாக விழ வேண்டும். நடுவில் மட்டும் கனத்து விழுந்தால் கலவை கெட்டி அல்லது காற்று குறைவு. இரண்டாகப் பிளந்து நின்றால் காற்று அதிகம் அல்லது கலவை நீர்த்துவிட்டது. வாழைப்பழம்போல் வளைந்து விழுந்தால் எங்கோ அடைப்பு. காற்றுமூடியை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அடியுங்கள். வளைவும் சேர்ந்து திரும்பினால் அடைப்பு மூடியில், திரும்பாவிட்டால் நாசிலில். குண்டூசி வைத்துக் குத்தாதீர்கள். ஓட்டை ஒரு தடவை கோணிவிட்டால் அப்புறம் அந்தக் கன்னுக்குப் பிரைமர் அடிக்கிற உத்தியோகம்தான்.

கதவின் கீழ்ப் பாதியிலும் படிக்குக் கீழேயும் மட்டும் நெளிவு இருந்தால் காரணம் முதுகுவலி. குனியச் சோம்பல்பட்டு, மேலே நின்றபடியே மணிக்கட்டைச் சாய்த்து அடித்திருப்பார்கள். கன் 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், பாகத்துக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து அடித்தால் தீர்ந்தது.

காய்ந்துவிட்ட நெளிவை எடுக்க, கிளியர் முழுதாக இறுக வேண்டும். தகடே 60 டிகிரிக்கு வந்து 30 நிமிடம் சூடு பட்டிருந்தால், ஆறிய பிறகு வேலையைத் தொடங்கலாம். பூத் காற்று 60 ஆனது கணக்கில்லை, தகடு ஆக வேண்டும். சூடு வைக்காமல் காயவிட்டால் குறைந்தது ஒரு முழு நாள், மழைக்காலத்தில் இரண்டு. அப்புறம் 1500 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கெட்டியான ரப்பர் கட்டையில் சுற்றித் தேயுங்கள். கட்டை முக்கியம். விரலாலோ ஸ்பாஞ்சாலோ தேய்த்தால் பேப்பர் மேட்டிலும் ஏறும், பள்ளத்திலும் இறங்கும். மேல் மினுமினுப்பு போகுமே தவிர அலை அப்படியே இருக்கும். கம்பவுண்ட் போட்டதும் பழைய நெளிவு பளபளப்போடு திரும்பி வந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

நாலு இழுப்புக்கு ஒரு தடவை தண்ணீரை வழித்துவிட்டுப் பாருங்கள். மேடுகள் மங்கலாகிவிடும், பள்ளங்கள் இன்னும் பளிச்சென்று புள்ளிகளாக மின்னும். தேய்க்கத் தேய்க்க அந்தப் புள்ளிகள் சுருங்கும். கடைசிப் புள்ளிகள் மறையப்போகும் நேரத்தில் நிறுத்திவிடுங்கள். நூற்றுக்கு நூறு எடுக்கப் போகிறவர்தான் கிளியரைக் கிழிப்பார். தேய்க்கும்போது வழியும் பால் வெள்ளையாக இருக்கும்வரை கிளியரில்தான் இருக்கிறீர்கள். வண்டியின் நிறம் பாலில் இறங்கிவிட்டால் பேஸ் கோட்டை (கிளியருக்கு அடியில் உள்ள நிற அடுக்கு) தொட்டாகிவிட்டது. அப்புறம் மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை. கிளியர் இல்லாத, ஒரே அடுக்கு வெள்ளை சிவப்புப் பெயிண்டில் முதலிலிருந்தே நிறம் வரும், அது வேறு. பாகத்தின் மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயிண்ட் மெல்லிசாகத்தான் நிற்கும். தேய்க்கும் முன் அங்கே டேப் ஒட்டிவிடுங்கள்.

1500க்குப் பிறகு 2000, அப்புறம் 3000, பிறகு மெஷினில் கம்பவுண்ட். 1500 நம்பர் பேப்பரின் துகள் சராசரி 12, 13 மைக்ரான். 2000 நம்பரில் 10. அதனால் முந்தைய கீறலை அடுத்த பேப்பர் முழுதாக எடுத்திருக்கிறதா என்று, ஒரு தடவை நெட்டிலும் அடுத்த தடவை குறுக்கிலும் தேய்த்துப் பாருங்கள். மறுபடி அடித்த பாகத்தில் இரண்டு முழுக் கோட்டு (ஒரு தடவை அடிக்கும் அடுக்கு) கிளியர் 50, 60 மைக்ரான் இருக்கும், 10 போனாலும் தாங்கும். தொழிற்சாலைக் கிளியரில் அவ்வளவு எடுக்க எனக்குக் கை வராது. வெயிலைத் தடுக்கும் மருந்து அந்தக் கிளியருக்குள்தான் இருக்கிறது.

அலை இதற்கெல்லாம் மசியாத ஆழம் என்றால் 800 நம்பரில் மட்டமாக்கி மறுபடி கிளியர்தான். அடிக்கும்போது ஒன்று: 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. வாசனையே தெரியாத அளவிலும் அது நுரையீரலைப் பிடிக்கும், ஆஸ்துமாவைக் கொண்டுவரும். மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு கிளியர் அடிக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடிதான் சரி.

கவர் வைத்துத் தடவினால் நறநற

இரண்டு வகை. பெயிண்ட் அடித்தபோதே வந்தது ஒன்று, ரோட்டில் சேர்ந்தது இன்னொன்று.

அடித்தபோது வந்தது என்றால், பாதி காய்ந்த தூளாகப் பெயிண்ட் வந்து உட்கார்ந்திருக்கிறது. கன் தள்ளி இருந்திருக்கும், அழுத்தம் அதிகமாக இருந்திருக்கும், அல்லது யாராவது புண்ணியவான் ஃபேனைப் போட்டிருப்பார். பேஸ் கோட்டில் இப்படி வந்தால் மேலே கிளியர் அடித்து மூடப் பார்க்காதீர்கள், மூடாது. 800 நம்பரில் லேசாகத் தட்டி, ஒட்டுத் துணியால் துடைத்து, இன்னொரு பேஸ் கொடுங்கள். பக்கத்துப் பாகத்தின் மேல் தூள் படிந்திருந்தால் கிளே பார் (ஒட்டியதைப் பிடித்தெடுக்கும் களிமண் கட்டி) போதும்.

ரோட்டில் சேர்ந்ததில் இரும்புத் தூள்தான் முக்கியமானது. வெள்ளை வண்டியில் செம்மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும். கிரைண்டர், வெல்டிங் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் நிச்சயம் வரும். அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதாவாக வழியும், கழுவிவிட்டுக் கிளே போடுங்கள். போர் தண்ணீரின் உப்பு வளையம் என்றால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்துத் துடைத்து, உடனே கழுவிவிடுங்கள். அதிலும் போகாத வளையம் கிளியரை அரித்துவிட்டது என்று பொருள், அதற்குக் கம்பவுண்ட்.

வடிந்து நிற்கிறது

காரணம் சொல்லத் தேவையில்லை, அடித்தவருக்கே தெரியும். கிட்டப் போயிருப்பார், மெதுவாக வீசியிருப்பார், அல்லது முதல் கோட்டு வற்றாமல் இரண்டாவதைக் கொடுத்திருப்பார். ஈரத்தில் கை வைக்காதீர்கள். வடிசலின் நடு மற்ற இடத்தைவிட மெதுவாகக் காயும், அவசரப்பட்டுத் தேய்த்தால் மேல் பொருக்கு மட்டும் பெயர்ந்து உள்ளே பிசின் மாதிரி வரும். நன்றாக இறுகியதும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, சின்னக் கட்டையில் 1000 நம்பர் சுற்றி மேட்டை மட்டும் தேயுங்கள். டேப் கீறத் தொடங்கினால் எடுத்துவிட்டு 1500க்குப் போகலாம்.

வட்ட வட்டமாகக் குழி, அடியில் பழைய பரப்பு தெரிகிறது

மீன் கண். பெயிண்ட் விழுந்த ஒரு நிமிடத்துக்குள் தெரியும். சட்டியில் எண்ணெய்ச் சொட்டைக் கண்டு தண்ணீர் விலகுமே, அதேதான். அடியில் சிலிகோனோ எண்ணெயோ மெழுகோ இருக்கிறது, பெயிண்ட் அதன்மேல் நிற்க மறுத்து விலகிப் போகிறது.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் இதில் பாதி வேலை. ஒரு வாரம் முழுக்க எனக்கு அடித்த வண்டியெல்லாம் மீன் கண். கம்ப்ரசர் எண்ணெயை மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன், கிளியரை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், ஷெட்டின் மறுமூலையில் டெலிவரி வண்டிகளுக்குப் பையன் டேஷ்போர்டு பாலிஷ் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தான். அதில் இருப்பது சிலிகோன். காற்றில் மிதந்து வந்து பிரைமர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த டப்பா அன்றைக்கே கேட்டுக்கு வெளியே போனது.

இன்னொரு வழி, நம் எல்லோர் கையிலும் இருக்கும் பனியன் வேஸ்ட். துணியை மிருதுவாக்க ஃபினிஷிங்கில் சிலிகோன் சாஃப்ட்னர் போடுவது பனியன் தொழிலில் வழக்கம். அந்தத் துணியைத் தின்னரில் நனைத்துப் பாகத்தைத் "துடைத்தால்" அழுக்கை எடுப்பதற்குப் பதில் சிலிகோனைப் பூசிவிடுகிறோம். டீகிரீசருக்கென்று (எண்ணெய்ப் பசையை எடுக்கும் திரவம்) விற்கும் நூல் உதிராத துணியை வாங்கி வையுங்கள். ஒரு துணியில் நனைத்துத் துடைப்பது, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் வழித்தெடுப்பது. ஒரே துணி என்றால் எண்ணெய் இடம்தான் மாறும்.

காற்றைச் சந்தேகித்தால், கன்னைக் கழற்றிவிட்டு ஹோஸ் காற்றை ஒரு சுத்தமான கண்ணாடியில் சில நிமிடம் அடித்துப் பாருங்கள். படலமோ சொட்டோ தெரிந்தால் குற்றவாளி அதுதான். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரசரை ஒட்டியே மாட்டுவது வீண். காற்று அங்கே சூடாக இருக்கும், ஈரம் ஆவியாகவே கடந்து போய்விடும். 25 அடியாவது தள்ளி, காற்று ஆறிய இடத்தில் மாட்டுங்கள்.

பேஸ் கோட்டில் குழி கண்டதும் கையை நிறுத்துங்கள். மேலே மேலே அடித்தால் குழி நிரம்பாது, விளிம்புதான் உயரும். காயவிட்டு, 800 நம்பரில் தட்டி, டீகிரீஸ் செய்து, மெல்லிய தூவல் கோட்டுகளாக இரண்டு மூன்று கொடுத்துவிட்டு அப்புறம் முழுக் கோட்டு. கிளியரில் வந்துவிட்டால் இறுகவிட்டு 600, 800ல் குழியின் அடிவரை எடுத்து மறுபடி கிளியர். கடையில் விற்கும் மீன் கண் சொட்டு மருந்தும் ஒரு வகைச் சிலிகோன்தான். போட்டால் அந்த வண்டி தப்பும், ஷெட் கெடும். நான் வாங்குவதில்லை.

ஊசி குத்தியதுபோல் பொடி ஓட்டைகள்

போன் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள். மீன் கண் சட்டிபோல் விரிந்திருக்கும். இது சின்ன மேடாக எழும்பி உச்சியில் ஓட்டையோடு இருந்தால், தின்னர் உள்ளே மாட்டிக்கொண்டு வெடித்து வந்த வழி. கிளியர் கனமாக விழுந்த விளிம்புகளிலும் படுத்திருக்கிற பாகங்களிலும் அதிகம் இருக்கும். கோட்டுக்குக் கோட்டு 10 நிமிடமாவது விட்டிருக்க மாட்டார்கள், அடித்த கையோடு சூடாக்கும் விளக்கைக் கிட்டக் கொண்டுவந்திருப்பார்கள். மேல்தோல் மூடிக்கொண்டது, உள்ளே இருந்தது கொதித்தது. இதில் வேகமான ஹார்டனரும் கூட்டுக் களவாணி.

ஹார்டனர் டப்பாவின் மூடியைத் திறந்தே வைப்பதும் ஒரு காரணம். காற்றில் உள்ள ஈரத்தோடு அது சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும், அதுவும் குமிழிதான். கலங்கலாகவோ கட்டியாகவோ தெரிகிற ஹார்டனரை வடிகட்டிப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

ஓட்டைகள் மேலாக இருந்தால் 1500ல் போகும். பெரும்பாலும் போகாது, தேய்க்கத் தேய்க்க ஓட்டை அகலமாகும். 600ல் அடிவரை எடுத்து மறுபடி அடிப்பதே குறுக்குவழி. ஓட்டைக்குள் பால் காய்ந்து வெள்ளையாக நிற்கும், அதைக் கழுவியெடுக்காமல் கிளியர் அடித்தால் வெள்ளைப் புள்ளியாக நிரந்தரமாகிவிடும்.

ஓட்டை பட்டி பார்த்த இடத்தில் மட்டும் இருந்தால் கதை வேறு. பட்டியை ஹார்டனரோடு குழைக்கும்போது முட்டை அடிப்பதுபோல் அடித்துக் காற்றை உள்ளே விட்டிருக்கிறார்கள். பிளேட்டில் அழுத்தித் தேய்த்துக் குழைக்க வேண்டும். சர்ஃபேசர் (நிறத்துக்கு முன் மட்டமாக்க அடிக்கும் பிரைமர்) அதை நிரப்பும் என்று நம்பாதீர்கள். மேலே பாலம் கட்டுமே தவிர உள்ளே இறங்காது.

சுருக்கு விழுகிறது

இதுதான் பார்க்கவே பயமாக இருக்கும். அடித்துக்கொண்டிருக்கும்போதே பரப்பு ஊறவைத்த அப்பளம்போல் நெளிந்து எழும்பும். பழைய என்.சி. அல்லது ஸ்பிரே டப்பா பெயிண்ட் மேல் 2கே அடித்தால், அதன் தின்னர் கீழே இறங்கிப் பழையதை ஊறவைத்துவிடும். சிந்தடிக் எனாமலும் அப்படித்தான், அரைகுறையாக இறுகிய பருவத்தில் மேலே அடித்தால் தூக்கிவிடும். லாரி, டிராக்டர் வேலையில் அடிக்கடி நடப்பது.

மருந்து கிடையாது. சுருங்கிய இடம் முழுக்கச் சுரண்டித் தகடுவரை எடுத்து, எபாக்ஸி பிரைமரிலிருந்து தொடங்குங்கள். இதற்குத்தான் முதலிலேயே அந்தத் தின்னர் துணிச் சோதனை.

கொப்பளம்

ஒன்றை ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ வந்திருக்கிறது. அடியில் துரு தெரிந்தால் தகடே போய்க்கொண்டிருக்கிறது, சுரண்டினால் நீங்கள் நினைத்ததைவிடப் பெரியதாகத்தான் இருக்கும். கைரேகை வடிவத்தில் வந்த கொப்பளத்தையும் பார்த்திருக்கிறேன். வியர்த்த கையால் வெறும் தகட்டைத் தொட்டு, அப்படியே பிரைமர் அடித்த புண்ணியம்.

பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாலியெஸ்டர் பட்டி தண்ணீரைக் குடிக்கும், மேலே மூடியதும் அது வெளிவர வழி தேடும். பட்டிக்கு எப்போதும் உலர் தேய்ப்புதான்.

அடைமழையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனி படியும் புள்ளி 26 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். தகடு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும், அதாவது 29க்கு மேல். ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியின் தகடு காலையில் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் பூத்திருக்கும், துடைத்தாலும் மறுபடி பூக்கும். 11 மணிக்கு மேல் தொடங்குங்கள், அல்லது விளக்கு வைத்துத் தகட்டைச் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு அடியுங்கள்.

பட்டியின் ஓரம் வரைபடம்போல் தெரிகிறது

டெலிவரி அன்றைக்குத் தெரியாது. இரண்டு வாரம் வெயிலில் நின்ற பிறகு, அடிபட்ட இடத்தைச் சுற்றித் தீவுக்குக் கரை போட்டதுபோல் ஒரு கோடு எழும். 80 நம்பர் கீறலின் மேல் நேராகச் சர்ஃபேசர் அடித்திருப்பார்கள். கீறலுக்குள் கனமாக நின்ற சர்ஃபேசர் மெல்ல வற்றும்போது மேல்பரப்பும் கூடவே இறங்கும். 80, 150, 240, 320 என்று படிப்படியாக வர வேண்டும், ஓரம் கைக்குத் தட்டுப்படாமல் கரைந்துபோக வேண்டும். பட்டிக்கு ஹார்டனர் எடையில் 2, 3 சதவீதம்தான். சீக்கிரம் காயட்டும் என்று கூட்டினால் அது பெயிண்ட் வழியாக மேலேறிக் கறையாகத் தெரியும், குறைத்தால் பட்டி இறுகாமல் நாள்பட வற்றும்.

சர்ஃபேசர் மேல் கறுப்புத் தூளைத் தடவி, கட்டை வைத்து 400ல் தேயுங்கள். கறுப்பு நிற்கிற இடமெல்லாம் பள்ளம். அவசரம் இல்லாத வேலை என்றால் சர்ஃபேசர் அடித்த வண்டியை இரண்டு நாள் வெயிலில் நிறுத்திவிடுவேன். வற்றுவது வற்றி முடியட்டும், அப்புறம் தேய்த்துக்கொள்ளலாம்.

வற்றிய கோட்டை மேலிருந்து பாலிஷ் போட்டு எடுக்க முடியாது. கிளியர் தடிமன் போதுமான அளவு இருந்தால் 1500ல் ஓரளவு மட்டமாக்கலாம். ஆனால் கீழே வற்றல் முடிந்திருக்க வேண்டும், ஒரு மாதமாவது பொறுத்துத் தேயுங்கள். அந்த ஒரு மாதமும் மெழுகோ கோட்டிங்கோ போட வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் மட்டும் போதாது, பில்லின் பின்பக்கம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.